அப்பா இரண்டு முறை சொன்ன சரி

திண்டுக்கல்,
9-10-2005, ஞாயிறு

அன்பு மகள் சகாயசெல்விக்கு,

மாதாவின் காவலில் நீ காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும், உன் தம்பி ஜெரோமும் அவன் பெண்டாட்டி லிடியாவும் சுகம்தான். என் முழங்கால் மட்டும் தன்னைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்கிறது, எழுதியாயிற்று. நேற்று பெய்த மழையில் நம் தெருவில் முட்டளவு தண்ணீர், ஜெரோம் ஒட்டன்சத்திரத்தில் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. லிடியாவுக்குப் புளிக்குழம்பு இன்னும் கைக்கு வரவில்லை, உப்பைக் கேட்டுக் கேட்டுப் போடுகிறாள், ஆனால் நல்ல பிள்ளை, நிலக்கோட்டைக்காரி என்பதால் வாரத்துக்கு ஒருமுறை அவள் அம்மா வீட்டிலிருந்து மல்லிகைப்பூ பஸ்ஸில் வந்துவிடுகிறது. என் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை கூடிவிட்டது, முட்டை போடுகிற அன்றைக்கு மட்டும் இன்னும் கூடும். நீ தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை என்று போன மாதம் அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. அங்கே குளிர் என்றால் எண்ணெய் உறையத்தான் செய்யும், அடுப்புப் பக்கத்தில் செத்த நேரம் வைத்தால் உருகிவிடும். இதற்கெல்லாம் நர்ஸ் படிப்பு வேண்டாம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கேட்ட விஷயம் போனில் அடங்காது. அப்பாவிடம் ரிசீவரைக் கொடுத்தால் சாப்டியா, அங்க குளிரா என்று இரண்டு கேள்வி, உடனே ஏதோ சுட்டதுபோல என் கையில் திணித்துவிடுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நடுவில் அழுதுகொண்டு மூடி வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படித்தால்தான் உனக்குப் பதில் கிடைக்கும்.

உன் கவர் போன மாதம் வந்தது. உள்ளே தமிழில் ஒரு பக்கக் கடிதம், இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கக் கவிதை. கடிதத்தை அப்பாவுக்கு நானே படித்துக் காட்டினேன். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லம் இருக்கிற வேல்ஸ் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள்தான் என்றும், சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகியும் தொழிலாளிகள் கட்டிய மண்டபம் அப்படியே இருக்கிறது என்றும், அங்கே வருஷத்துக்கு ஒரு நாள் கூடி அவரவர் அப்பா, தாத்தா பார்த்த வேலையைப் பற்றிக் கவிதை எழுதி வாசிப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். இந்த வருஷம் நவம்பர் முதல் சனிக்கிழமை உன்னையும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீ அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டுங்கள், அப்பா சரி என்று சொன்னால்தான் மேடை ஏறுவேன், இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று முடித்திருந்தாய். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. முப்பது வருஷம் தோல்ஷாப்பில் தோல் பதனிட்ட மனிதரைப் பற்றிச் சீமையில் கவிதை என்றால் சும்மாவா.

கவிதையை ரொனால்டு சாரிடம் எடுத்துக்கொண்டு போனார். உனக்கு ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் எடுத்தாரே அவரேதான், ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது நம் கோயில் பங்கில் எந்தக் கல்யாணம், எந்தப் பணி நிறைவு என்றாலும் வாழ்த்து மடல் அவர் எழுதுவதுதான். இரண்டு நாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டார். 'உழைப்பின் உதயமே, தோலைப் பதமாக்கிய தூயவனே, பாரெல்லாம் பாதுகை அணியப் பாடுபட்ட பாக்கியராஜே' என்று இருபது வரி. அப்பாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நமக்கு ஒரு மனிதரைப் பற்றிக் கவிதை என்றால் அது வாழ்த்து மடல்தான், மண்டபத்தில் வாசித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள். வேறு மாதிரியும் எழுதுவார்கள் என்று நாங்கள் எங்கே கண்டோம். பிரஸ்ஸில் கொடுத்து, நான்கு மூலையிலும் ரோஜாப்பூ போட்டு, மேலே அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து டிவிக்கு மேலே மாட்டிவிட்டார். கீழே 'இவண், அன்பு மகள் சகாயசெல்வி, வேல்ஸ்' என்று உன் பெயர் வேறு. அதோடு விட்டாரா, தோல் தொழிலாளர் சங்கத்துக் கூட்டத்துக்கு அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார். சங்கச் செயலாளர் முத்துச்சாமி மைக்கில் வாசித்தாராம், அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார்களாம். அந்த ஞாயிறுதான் நீ போன் செய்தாய். அப்பா வழக்கமான இரண்டு கேள்வியை விட்டுவிட்டு, 'சரி பாப்பா, தாராளமா படி' என்றாரே, நீ அழுதாயே, நாங்கள் அது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டோம். அந்தச் சரி ரொனால்டு சார் எழுதியதற்குச் சொன்ன சரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை லிடியா அலமாரியைத் துடைக்கும்போது உன் இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவள் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் அல்லவா. கையில் துணியோடு அப்படியே நின்றவள் அடுப்படிக்கு வந்து, 'அத்தை, செவுத்துல மாட்டிருக்கது இது இல்ல' என்றாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லி உட்காரவைத்து வரி வரியாகச் சொன்னாள். நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ குளிப்பாட்டிவிடுகிற எவான்ஸ் தாத்தாவின் கையிலும் முதுகிலும் நிலக்கரித் தூள் காயத்துக்குள் போய் ஆறியதால் நீலக் கோடுகள் இருக்கின்றன, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் அப்பா முப்பது வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர் என்று பெருமையாகச் சொல்கிறாள். அதைக் கேட்கிறபோதெல்லாம் நீ ஆறாம் வகுப்பு படித்த கான்வென்ட் கேட்டில் போய் நிற்கிறாய். உன் அப்பா டிபன் கேரியரோடு வந்து நிற்கிறார், தோல்ஷாப்பு வாடை அவருக்கு முன்னால் வந்துவிட்டது, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு யாருடீ அது என்று கேட்கிறார்கள். நீ, அது எங்கள் வீட்டில் வேலை பார்க்கிற ஆள் என்கிறாய். கேரியரை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுகிறாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்ததையும் எழுதியிருக்கிறாய். உனக்கு ஜெபமாலை சொல்லி முடிக்க அவசரம் என்று நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன், இருபத்தாறு வயதானால் என்ன. அன்றைக்கு அவரை அனுப்பியதே நான்தான், நீ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாய், பசியோடு இருப்பாயே என்று ஷாப்பு மதிய மணி அடித்ததும் வாசலில் போய் நின்று சோறும் வெஞ்சனமும் கொடுத்துவிட்டேன், அவர் கைகால் கழுவக்கூட நேரமில்லாமல் சைக்கிளை மிதித்தார். கோபம் ஆறியதும் அழுகை வந்தது, லிடியா பாவம் எதற்கு வம்பை விலைக்கு வாங்கினோம் என்று திருதிருவென்று விழித்தாள். சேலையை மாற்றிக்கொண்டு நேரே ரொனால்டு சார் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாமல் எழுதவில்லையாம். அத்தனை ஆசையாகக் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், உங்கள் மகள் உங்களை வேலைக்காரன் என்று சொன்னாள் என்று எந்த வாயால் வாசிப்பது என்று அவருக்குக் கை ஓடவில்லையாம். தகப்பனும் சந்தோஷமாக இருக்கிறார், மகளுக்கும் சரி கிடைத்துவிட்டது, நீங்களும் விட்டுவிடுங்கள் புஷ்பமேரி என்றார்.

மூன்று நாள் விட்டுவிடத்தான் பார்த்தேன். டிவி பார்க்கிறேன் என்று உட்கார்ந்து அப்பா பாதி நேரம் டிவிக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிற சைதூன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார், கேபிள்காரனுக்குக் காட்டினார். சொல்லாமல் இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது, நீ வாசிக்கப்போவது எங்கேயோ, கேட்கப்போகிறவர்களுக்கு நம்மைத் தெரியப்போவதும் இல்லை. ஆனால் நீ போனில் அழுத அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. அப்பா எல்லாம் தெரிந்து மன்னித்துவிட்டார் என்று நினைத்துத்தானே அழுதாய். அவருக்கோ மன்னிக்க ஒன்று இருப்பதே தெரியாது. பொய்யாக வந்த ஒரு சரியை நீ வாழ்நாள் முழுக்க நிஜம் என்று வைத்துக்கொண்டிருப்பாய். பெற்றவள் அதற்கு உடந்தையாக இருக்க முடியுமா? போன சனிக்கிழமை மத்தியானம் அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது லிடியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் மகள் எழுதியது இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாமனாரிடம் இதை நான் எப்படிச் சொல்வேன் என்று அவள் பின்வாங்கினாள். நான்தான் வாசி என்றேன்.

எவான்ஸ் தாத்தா வரைக்கும் அப்பா பூண்டு உரித்துக்கொண்டே தலையாட்டினார். கேட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முடியும் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் வாயைத் திறந்தோம் என்று எனக்கு ஆகிவிட்டது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். பொழுது சாயும்போது வந்தார். கையில் பரோட்டா பார்சல். மூன்று பேருக்கும் பிரித்து வைக்கச் சொல்லி, சால்னாவை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார். 'அன்னைக்கு அவ சொன்னது எங் காதுல விழுந்துச்சு புஷ்பம். அந்தப் பிள்ளைககிட்ட, ஆமா பாப்பா, அம்மா குடுத்துவிட்டாங்கன்னு நானும் அவளுக்கு ஒத்து ஊதிட்டுத்தான் வந்தேன். அவ அதுக்குள்ள ஓடிட்டா, கேட்ருக்க மாட்டா.' அப்படியே சொன்னார். தெரியாது என்று நான் நினைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நீ சொன்ன பொய் அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டுமே என்று வேலைக்காரன் மாதிரியே தலையைக் குனிந்து பேசிவிட்டு வந்திருக்கிறார். வலிக்கவில்லையா என்று கேட்டேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனேன் என்றார். ஆனால் மறுநாளே சரியாகிவிட்டதாம், அந்த வாடையில் அவரே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முதல் வருஷத்தை ஓட்டினாராம், பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்கிறார். இன்றைக்கு அவரை அறுக்கிறது வேறு. பதினைந்து வருஷமாக நீ இதை ஒருவரிடமும் சொல்லாமல் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாயே, முன்னாலேயே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்திருப்பேனே என்று சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு வந்த ஆத்திரம் வேறு. ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு அப்பனும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் இதை என்னிடம் ஒளித்து வைத்திருந்தீர்களே, நான் என்ன வெளியூர்க்காரியா?

அழுது முடித்ததும் லிடியாவை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை மேஸ்திரி மாதிரி உட்கார்ந்துகொண்டு குறை கண்டுபிடித்தார். சுண்ணாம்பில் வெளுத்த கை என்று எழுதியிருக்கிறாயாம், அது தப்பாம். சுண்ணாம்புக் குழியில் அவர் நின்றது நீ பிறக்கும் முன்பாம், நீ ஆறாவது படிக்கும்போது தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்களாம், அப்போது கை செக்கச் செவேலென்று மருதாணி போட்ட மாதிரி இருக்குமாம். நம்பாவிட்டால் பழைய போட்டோவைப் பார் என்றார், அது கறுப்பு வெள்ளை என்று லிடியா சொன்னதும் சிரித்துவிட்டார். கவிதையில் நீ எழுதியிருக்கிறபடி அந்தச் சுரங்கத்து வேல்ஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது நிஜமாகவே ஒரு வருஷமா என்று இரண்டு முறை கேட்டார். நாம் தொண்ணூற்றி இரண்டில் நாற்பது நாளைக்கே நாக்குத் தள்ளிப் போனோம், எவான்ஸ் தாத்தாவுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போடச் சொல், அவர்களுக்குக் கஞ்சி யார் ஊற்றினார்கள் என்று கேட்டு எழுதச் சொல் என்றார். அந்த இடத்தில் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது பாப்பா. நம் சங்கத்துக் கஞ்சித்தொட்டியில் நாற்பது நாளும் கரண்டி பிடித்தவள் நான், நூறு குடும்பத்துக்கு ஊற்றினேன், புகையில் கண் அவிந்து போயிற்று. உன் ஒன்றரைப் பக்கத்தில் நான் வருவது ஒரே ஒரு வரி, அதுவும் சாப்பாடு கட்டிக் கொடுக்க. அடுத்த வருஷமும் அங்கே கூட்டம் நடக்கும் அல்லவா, யோசித்துப் பார்.

டிவிக்கு மேலே இருப்பதைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். எதற்கு, ரொனால்டு சார் எம்புட்டு கஷ்டப்பட்டு எதுகை மோனை பார்த்து எழுதியிருக்கிறார், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றுவிட்டார். மறுநாள் பூசை முடிந்து சாரை வீட்டுக்கே கூட்டிவந்து காப்பி கொடுத்தார், சார்தான் அந்தச் சட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தார். உன் தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், சட்டை மாறும்போதெல்லாம் தாளும் மாறுகிறது. வத்தலக்குண்டு வரனைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்று எனக்கு அப்பா உத்தரவு, அதனால் எழுதவில்லை, பையன் பார்மசியில் இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். அப்பா இப்போது எல்லாம் தெரிந்து சொல்கிறார், சரி, படி. கேட் பக்கத்தில் நடந்ததில் ஒரு எழுத்தைக் குறைக்கக் கூடாதாம், வேலைக்காரன் என்ற சொல்லை அப்படியே வைக்க வேண்டுமாம். கையின் நிறத்தை மட்டும் மாற்றிவிடு. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வாசித்து முடித்து எல்லோரும் கை தட்டிய பிறகு நீ உடனே இறங்கிவிடக் கூடாது. மைக் முன்னால் நின்று, எங்க அப்பா பேர் பாக்கியராஜ், தோல்ஷாப்பில் வேலை பார்த்தார் என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே யாருக்கும் புரியாதே, இங்கிலீஷில் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். 'அவுகளுக்குப் புரியாட்டிப் போகுது. பொய்ய தமிழ்லதான சொன்னா, நெசத்தையும் தமிழ்லயே சொல்லட்டும்' என்றார். அங்கே மத்தியானம் இரண்டு மணி என்றால் இங்கே ராத்திரி ஏழரை என்று லிடியாவிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். அந்நேரம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

வேளாங்கண்ணி மாதா உன் குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்ளட்டும், உன் கையால் குளிக்கிற அந்தத் தாத்தாக்களுக்கும் நல்ல மூச்சைக் கொடுக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டுவிடுகிறேன். மேடையில் கழுத்து திறந்த சட்டை வேண்டாம், ஸ்வெட்டர் போட்டுக்கொள். அப்பா சொன்னதை மறந்துவிடாதே, சத்தமாகச் சொல், அவர் பெயரை முழுசாகச் சொல்.

என்றும் உன்னை நினைக்கும் அம்மா,
ச. புஷ்பமேரி